ஓட்டுப் போடாத ஓ.எம்.ஆர்.: சோழிங்கநல்லூரின் 3 லட்சம் பேர் எங்கே போனார்கள்?

ஒவ்வொரு தேர்தல் முடிந்த மறுநாளும் சென்னைக்குத் திட்டு விழும். "கிராமத்துல 80 சதவீதம், இங்க பாதியைத் தாண்டவே மூச்சு வாங்குது" என்று மீம்ஸ் பறக்கும். அந்தத் திட்டில் பெரிய பங்கு தென்சென்னைப் புறநகருக்குத்தான் போகும். ஐ.டி. கம்பெனி, அடுக்குமாடிக் குடியிருப்பு, கை நிறையச் சம்பளம், ஆனா ஓட்டுப் போட மட்டும் வரமாட்டாங்க... இதுதான் ஓ.எம்.ஆர். பற்றிய வழக்கமான குற்றச்சாட்டு.

குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பாதி உண்மைதான். மீதிப் பாதி வாக்காளர் பட்டியலுக்குள் ஒளிந்திருக்கிறது.

2021 ஏப்ரல் 6-ம் தேதி நடந்த சட்டமன்றத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு முழுவதும் 72.81% வாக்குப்பதிவு. கரூர் மாவட்டத்தில் 83.92%. சென்னை மாவட்டத்தில் 59.06%, மாநிலத்திலேயே கடைசி. அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டின் மிகப்பெரிய தொகுதி சோழிங்கநல்லூர். பட்டியலில் ஏறக்குறைய 7 லட்சம் பெயர்கள். அதே தேர்தலில் சென்னை துறைமுகம் தொகுதியில் இருந்தவை சுமார் ஒன்றேமுக்கால் லட்சம். அதாவது நான்கு துறைமுகம் சேர்ந்தால் ஒரு சோழிங்கநல்லூர். இரண்டுக்கும் தலா ஒரு எம்.எல்.ஏ.தான்.

இந்த 7 லட்சத்தில் பதிவான வாக்குகள் 4 லட்சத்தைத் தொடவில்லை. சுமார் 3 லட்சம் பெயர்களுக்கு எதிரே டிக் விழவில்லை. வென்ற தி.மு.க. வேட்பாளருக்கும் இரண்டாவது வந்த அ.தி.மு.க. வேட்பாளருக்கும் இடையிலான வித்தியாசம் 35 ஆயிரத்தைக் கொஞ்சம் தாண்டியது. வராத பெயர்கள் அதைப்போல எட்டு மடங்கு.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வராதவை 3 லட்சம் 'பெயர்கள்'. 3 லட்சம் 'ஆட்கள்' என்று சொல்ல முடியாது.

எது இந்தச் சோழிங்கநல்லூர்?

2008 தொகுதி மறுவரையறையில் பிறந்த தொகுதி இது. அதற்கு முன் தாம்பரம் தொகுதியின் பகுதியாக இருந்த ஊர்கள். முதல் தேர்தல் 2011-ல். ஒரு பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் என்று மீனவக் குப்பங்களும் பங்களாக்களும். நடுவில் பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், செம்மஞ்சேரி என்று ஓ.எம்.ஆர். இன்னொரு பக்கம் மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, மேடவாக்கம், சித்தாலப்பாக்கம் என்று பட்ஜெட் வீடு வாங்கிய நடுத்தரக் குடும்பங்கள். நடுவே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம்.

நிர்வாகத்தில்தான் தலை சுற்றும். 2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சி 155 வார்டில் இருந்து 200 வார்டாக விரிந்தபோது பெருங்குடி, சோழிங்கநல்லூர் பகுதிகள் உள்ளே வந்தன. மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் ஆகியவை ஊராட்சிகளாகவே நின்றன. சட்டமன்றத் தேர்தலுக்கு இந்தத் தொகுதி செங்கல்பட்டு மாவட்டக் கணக்கு. நாடாளுமன்றத் தேர்தலுக்குத் தென்சென்னை. ஆக, துரைப்பாக்கத்தில் இருப்பவர் மேயர் தேர்தலுக்குச் சென்னைக்காரர், எம்.எல்.ஏ. தேர்தலுக்குச் செங்கல்பட்டுக்காரர். டி.வி.யில் "சென்னையில் 59%" என்று ஓடும்போது அதற்குள் சோழிங்கநல்லூர் கிடையாது. பலருக்கு இது தெரியாது.

இந்தப் பக்கம் யார் பக்கம்?

"ஐ.டி. ஏரியான்னா தி.மு.க.வுக்கு ஓட்டு விழாது", "புறநகர்னா அம்மா கோட்டை" என்று பேசப்பட்ட காலம் உண்டு. முடிவுகள் அப்படி ஒரே பக்கம் நிற்கவில்லை.

2011-ல் அ.தி.மு.க.வின் கே.பி.கந்தன் ஜெயித்தார். மாநிலம் முழுக்க அப்போது ஜெயலலிதா அலை. 2016-ல் அதே ஜெயலலிதா மறுபடி ஆட்சியைப் பிடித்தார், ஆனால் சோழிங்கநல்லூர் எதிர்ப்பக்கம் போனது, தி.மு.க.வின் எஸ்.அரவிந்த் ரமேஷ் வென்றார். சென்னை மாவட்டத்தின் 16 தொகுதிகளில் 10 அந்த முறை தி.மு.க.வுக்குப் போனது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு ஆறு மாதம்கூட ஆகாத தேர்தல் அது. வெள்ளம் மட்டுமே காரணம் என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் மாநிலம் ஒரு பக்கமும் சென்னையும் புறநகரும் ஒரு பக்கமும் சாய்ந்ததற்கு அதைவிட்டுவிட்டு விளக்கம் சொல்வது கஷ்டம். 2021-ல் அரவிந்த் ரமேஷும் கந்தனும் நேருக்கு நேர் மோதினார்கள். மறுபடி ரமேஷ்.

நாடாளுமன்றக் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். சோழிங்கநல்லூர், வேளச்சேரி, தி.நகர், மயிலாப்பூர், சைதாப்பேட்டை, விருகம்பாக்கம் ஆகிய ஆறும் சேர்ந்தது தென்சென்னை. 2009-லும் 2014-லும் அ.தி.மு.க. கையில் இருந்தது. 2014-ல் ஜெ.ஜெயவர்தன் ஜெயித்தபோது, மூன்றாவதாக வந்த பா.ஜ.க.வின் இல.கணேசனே இரண்டரை லட்சத்துக்கு மேல் வாங்கினார். 2019-ல் தி.மு.க.வின் தமிழச்சி தங்கபாண்டியன் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் வென்றார். அந்தத் தேர்தலில் மக்கள் நீதி மய்யத்தின் ஆர்.ரங்கராஜன் சுமார் 1.35 லட்சம் வாக்குகள், அதாவது 12% எடுத்தார். மாநில அளவில் அந்தக் கட்சி 4%-ஐத் தொடவில்லை. 2024-ல் தமிழச்சி 5.16 லட்சம், பா.ஜ.க.வின் தமிழிசை சௌந்தரராஜன் 2.90 லட்சம், பத்து வருடம் முன்பு இதே இடத்தில் ஜெயித்த ஜெயவர்தன் 1.72 லட்சத்தோடு மூன்றாமிடம்.

இதில் தெரிவது என்ன? முதலிடம் தி.மு.க.வுக்கு உறுதியாகிக்கொண்டே வந்தது. ஆனால் இரண்டாமிடமும் மூன்றாமிடமும் ஒவ்வொரு தடவையும் ஆள் மாறுகிறது. 'இரண்டு கழகமும் வேண்டாம்' என்று நினைக்கும் ஒரு கூட்டம் இங்கே நிரந்தரமாக இருக்கிறது. அது ஒருமுறை தாமரை, ஒருமுறை டார்ச் லைட் என்று நகர்கிறது. இந்தக் கூட்டம் முழுக்க ஓ.எம்.ஆர். ஐ.டி.காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. மயிலாப்பூரும் தி.நகரும் இதே கணக்கில்தான் இருக்கின்றன.

2024-ல் தென்சென்னைப் பட்டியலில் இருந்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். வாக்களிக்காத பெயர்கள் சுமார் 9 லட்சம். வெற்றி பெற்றவர் வாங்கிய மொத்த ஓட்டைவிட இது அதிகம். நோட்டாவை எண்ணுகிறோம், இதை யாரும் எண்ணுவதில்லை.

67.82 எப்படி 54.17 ஆனது?

2024 ஏப்ரல் 19 மாலை ஒரு குழப்பம் நடந்தது, நினைவிருக்கலாம். தென்சென்னையில் 67.82% வாக்குப்பதிவு என்று முதலில் அறிவிப்பு வந்தது. "அட, சென்னைக்காரங்க திருந்திட்டாங்க" என்று பலரும் பதிவு போட்டு முடிப்பதற்குள், மறுநாள் அது 54.27% ஆனது. இறுதிக் கணக்கு 54.17%. மத்திய சென்னைக்கும் இதே கதை: 67.35% என்று ஆரம்பித்து 54%-க்குக் கீழே இறங்கியது. மாநிலக் கணக்கும் 72.09%-ல் இருந்து 69.72%-க்கு வந்தது.

"13 சதவீத ஓட்டு எங்கே காணாமல் போச்சு?" என்ற கேள்வி அப்போது சூடாகச் சுற்றியது. ஓட்டு எதுவும் காணாமல் போகவில்லை. மாலையில் சொல்லப்படுவது உத்தேசக் கணக்கு. சில வாக்குச்சாவடிகளில் இருந்து செயலி வழியாக வரும் எண்ணிக்கையை வைத்து மொத்தத்தை மதிப்பிடுகிறார்கள். எல்லா பூத்திலும் ஒரே மாதிரி ஓட்டு விழும் இடத்தில் இந்த மதிப்பீடு பெரிதாகத் தப்பாது. சென்னை போல ஒரு பூத்தில் கூட்டமும் அடுத்த தெரு பூத்தில் காற்றும் வாங்கும் இடத்தில் தப்பும். உண்மையான எண், ஒவ்வொரு பூத்திலும் தலைமை அதிகாரி கையெழுத்திட்டுக் கட்சி ஏஜென்டுகளிடம் கொடுக்கும் படிவம் 17சி-யில் இருக்கிறது. அதைக் கூட்டி முடிக்க நேரமாகும்.

ஆக, ஓட்டுப்பதிவு நாளன்று இரவு வரும் சதவீதத்தை வைத்துப் பெருமைப்படவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம்.

லீவு விட்டா ஊருக்குப் போயிடறாங்களா?

இந்தப் புகாருக்குக் காலண்டரில் ஆதாரம் தேடலாம். 2024 ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு சேர்ந்து மூன்று நாள் விடுமுறை. 2019 ஏப்ரல் 18 வியாழன். மறுநாள் புனித வெள்ளி, ஒட்டி வார இறுதி, நான்கு நாள். இரண்டிலும் தென்சென்னை 60%-ஐத் தொடவில்லை. சரி, லீவுதான் காரணம் என்று முடித்துவிடலாமா? 2021 ஏப்ரல் 6 செவ்வாய்க்கிழமை. முன்னும் பின்னும் வேலை நாள். அப்போதும் சோழிங்கநல்லூரில் 60% வரவில்லை. வேளச்சேரியில் 56%-க்குச் சற்றுக் கீழே. லீவு கொஞ்சம் சேர்த்துக் கெடுத்திருக்கலாம். நோய் அது இல்லை.

அந்த விடுமுறையில் பஸ் ஏறியவர்கள் எல்லோரும் ஊர்சுற்றப் போனார்கள் என்று நினைப்பதும் தப்பு. தேர்தலுக்கு முந்தைய இரவு கோயம்பேட்டிலும், 2024-ல் கிளாம்பாக்கத்திலும் திரண்ட கூட்டத்தில் பெரும்பாலானோர் ஓட்டுப் போடத்தான் போனார்கள். அதற்காகவே அரசு சிறப்புப் பேருந்துகள் விட்டது. துரைப்பாக்கத்தில் பத்து வருடமாக வாடகைக்கு இருப்பார், வாக்காளர் அட்டை தென்காசியில் இருக்கும். அம்மா அப்பா அங்கே, நிலம் அங்கே, உள்ளூர் வேட்பாளரின் சாதி, சண்டை, சொந்தம் எல்லாம் அங்கே தெரியும். இங்கே எதிர்வீட்டுக்காரர் பெயரே தெரியாது. அவர் தென்காசியின் 70 சதவீதத்தில் ஒருவராகப் பதிவாகிறார்.

பெயர் அங்கே மட்டும் இருந்தால் சோழிங்கநல்லூர்க் கணக்கு பாதிக்கப்படாது. அவர் இங்கே வாக்காளரே இல்லை. சிக்கல், பெயர் இரண்டு இடத்திலும் இருக்கும்போது. ஊரில் ஓட்டு விழும். இங்கே 'வரவில்லை' என்று பதிவாகும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950-ன் 17-வது பிரிவு ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதியில் பெயர் இருக்கக் கூடாது என்கிறது. தெரிந்தே பொய்யான தகவல் தந்தால் 31-வது பிரிவில் ஓராண்டு வரை சிறைத் தண்டனைகூட உண்டு. நடைமுறையில் பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. வீடு மாறும்போது கேஸ் இணைப்பை மாற்றுவார்கள், பிள்ளைக்கு ஸ்கூல் மாற்றுவார்கள், பழைய பூத்தில் இருக்கும் பெயர் ஞாபகத்துக்கே வராது.

கம்பெனி லீவு கொடுக்கலைன்னா?

ஓட்டுப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுமுறை தரவேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 135பி பிரிவு சொல்கிறது. தனியார் நிறுவனம், தினக்கூலி எல்லாருக்கும் பொருந்தும். தராத முதலாளிக்கு அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய். ஓ.எம்.ஆரில் இரண்டு பேர் உட்கார்ந்து மதியம் சாப்பிட்டால்கூட இதற்கு மேல் ஆகும். ஊழியர் இல்லாவிட்டால் ஆபத்தோ பெரும் நஷ்டமோ வரும் என்ற வேலைகளுக்கு விலக்கும் அதே பிரிவிலேயே இருக்கிறது.

செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், உணவு டெலிவரி, கேப் ஓட்டுபவர்கள் கதை இன்னும் சிக்கல். ஐ.டி. ஊழியருக்காவது மெயில் வரும், 'நாளை விடுமுறை' என்று. கேப் ஓட்டுபவர் அன்றைக்கு வண்டியை நிறுத்தினால் அன்றைய வருமானம் போச்சு. ஓட்டுப் போடாத ஓ.எம்.ஆர். என்று பேசும்போது நம் கண்ணில் தெரிவது லேப்டாப் பைதான், இவர்கள் தெரிவதில்லை.

வெளியூரில் இருந்தபடியே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போட ஒரு இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்தது. ஒரே இயந்திரத்தில் 72 தொகுதிகள் வரை கையாளலாம் என்றார்கள். 2023 ஜனவரியில் கட்சிகளுக்குச் செய்து காட்ட அழைத்தார்கள். எதிர்க்கட்சிகள் கேள்வி மேல் கேள்வி கேட்டன. 2024 தேர்தலில் அது பயன்பாட்டுக்கு வரவில்லை.

நகருக்குள்ளிருந்து தூக்கி வைக்கப்பட்டவர்கள்

சோழிங்கநல்லூரைப் பற்றிப் பேசும் எல்லோரும் கண்ணாடிக் கட்டடங்களைப் பேசுவார்கள். இந்தியாவிலேயே பெரிய மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் இரண்டு இதே தொகுதியில்தான் இருக்கின்றன: துரைப்பாக்கம் கண்ணகி நகரும், பெரும்பாக்கமும். கூவம், அடையாறு கரைகளில் இருந்தும், நகரின் நடுவில் இருந்த குடிசைப் பகுதிகளில் இருந்தும் 2000-ம் ஆண்டு தொடங்கி அப்புறப்படுத்தப்பட்டு இங்கே கொண்டுவரப்பட்ட குடும்பங்கள். கண்ணகி நகரில் மட்டும் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் அதைவிட அதிகம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஏராளமானவர்கள் அங்கே வந்தார்கள்.

ஒரே ராத்திரியில் வீடு மாறும். வாக்காளர் அட்டை மாறாது. ஆயிரம் விளக்கிலோ சைதாப்பேட்டையிலோ இருந்த பெயர் அங்கேயே தங்கும். ஓட்டுப் போட வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாறிப் பழைய இடத்துக்குப் போக வேண்டும். குடிசை இருந்த இடத்தில் இப்போது கம்பிவேலி இருக்கும், பூத் மட்டும் அதே பள்ளிக்கூடத்தில் இருக்கும். புது முகவரிக்கு மாற்றினால் உள்ளூர் எம்.எல்.ஏ. கேட்பார், மாற்றாவிட்டால் பழைய ஏரியா கட்சிக்காரரின் தொடர்பு மிஞ்சும். இரண்டில் எது வேண்டும் என்று கணக்குப் போட்டு, பழைய இடத்திலேயே பெயரை விட்டு வைத்தவர்களும் உண்டு. இதைப் புரியாத்தனம் என்று சொல்ல முடியாது. வேலை, மருத்துவமனை, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் இன்னும் அங்கேயே இருப்பவருக்கு ஓட்டும் அங்கே இருப்பதில் அர்த்தம் இருக்கிறது.

குழாயில் தண்ணீர் வராத ஊரில் கவுன்சிலர் தேர்தல்

2022 பிப்ரவரி 19-ல் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் மாநில அளவில் 60.70% வாக்குப்பதிவு. சென்னை மாநகராட்சியில் 43.59%. அன்று சனிக்கிழமை. 200 வார்டுகளில் 153-ஐ தி.மு.க. தனியாக அள்ளியது.

இங்கேதான் முரண்பாடு. ஓ.எம்.ஆர். மக்களின் அன்றாடப் புலம்பல் எல்லாம் தண்ணீர் லாரி, கழிவுநீர், மழைநீர் வடிகால், பெருங்குடி குப்பைக் கிடங்கு. இவற்றில் பலவற்றுக்கு முதலில் தட்ட வேண்டிய கதவு மாநகராட்சி. ஆனால் மிகக் குறைவாக ஓட்டு விழுவது அந்தத் தேர்தலில்தான்.

காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீரை வரவழைப்பது அசோசியேஷன். லாரிக்குக் காசு கொடுப்பது அசோசியேஷன். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு உள்ளேயே நடக்கும். குப்பையைக் கீழே வைத்தால் போதும். மாதப் பராமரிப்புக் கட்டணம் கட்டுபவருக்குக் கவுன்சிலர் யார் என்று தெரிய வேண்டிய அவசியமே வருவதில்லை, அசோசியேஷன் செயலாளர் யார் என்று தெரிந்தால் போதும். 2019 ஜூன் மாதத் தண்ணீர்ப் பஞ்சத்தில் சில நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டில் இருந்தே வேலை செய்யச் சொன்னபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றபோதும்தான் கேட்டுக்கு வெளியே ஒரு அரசாங்கம் தேவை என்பது ஞாபகம் வந்தது.

சத்தம் போட்டால் நடக்கிறது என்பதற்கும் இதே சாலையில் உதாரணம் உண்டு. ஓ.எம்.ஆர். சுங்கக் கட்டணத்துக்கு எதிராகப் பல ஆண்டுகள் குடியிருப்போர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2021 தேர்தல் முடிந்து, ஆகஸ்ட் 30 முதல் நான்கு சுங்கச்சாவடிகளில் வசூல் நிறுத்தப்பட்டது.

பட்டியலைக் கழுவினால் என்ன ஆகும்?

ஒரு பூத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பட்டியலில் 1,000 பெயர். 550 பேர் ஓட்டுப் போடுகிறார்கள். 55%. "கேவலம்" என்போம். அந்த 1,000-ல் 250 பெயர் இறந்தவர்கள், வீடு மாறியவர்கள், இரட்டைப் பதிவு என்று வைத்துக்கொண்டால், உண்மையில் அங்கே இருப்பவர்கள் 750. அதில் 550 என்றால் 73%. தமிழ்நாட்டு சராசரியே அதுதான். ஒரு ஆள்கூடக் கூடுதலாக வரவில்லை. வகுக்கும் எண்தான் மாறியது.

இது கற்பனைக் கணக்கு. நிஜத்தில் நடந்தது இது: தீவிரத் திருத்தம், சுருக்கமாக எஸ்.ஐ.ஆர்., முடிந்து 2025 டிசம்பர் 19-ல் வெளியான வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டு வாக்காளர் எண்ணிக்கை 6.41 கோடியில் இருந்து 5.43 கோடியானது. 97.37 லட்சம் பெயர்கள் நீக்கம். இதில் சுமார் 66 லட்சம் பேர் குடிபெயர்ந்தவர்கள் அல்லது முகவரியில் இல்லாதவர்கள் என்றும், சுமார் 27 லட்சம் பேர் இறந்தவர்கள் என்றும், 3 லட்சத்துக்கு மேல் இரட்டைப் பதிவு என்றும் சொல்லப்பட்டது. சென்னை மாவட்டத்தில் 14.25 லட்சம், செங்கல்பட்டில் சுமார் 7 லட்சம்.

ஆக, சென்னைக்காரர்கள் இத்தனை வருடம் சும்மா திட்டு வாங்கினார்களா? ஓரளவுக்கு ஆமாம். ஆனால் இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். 2021-ல் சென்னை மாவட்டத்தில் 59.06% என்றால், ஓட்டுப் போட்டவர்கள் மட்டுமே சுமார் 24 லட்சம் பேர். வரைவுப் பட்டியலில் மிஞ்சிய மொத்தப் பெயர்களோ 26 லட்சத்துக்குக் கீழே. ஐந்து வருடத்தில் வீடு மாறியவர்கள், இறந்தவர்கள் உண்டு, புதிதாக 18 வயதானவர்களும் உண்டு. அதையெல்லாம் கழித்துக் கூட்டினாலும் இடைவெளி ரொம்பக் குறைவு. போலிப் பெயர்கள் மட்டும்தான் போயின, நிஜ ஆள் ஒருவர்கூட விடுபடவில்லை என்று நம்புவது கடினம்.

விடுபடக்கூடியவர் யார் என்பதும் இந்தப் புறநகரில் ஊகிக்க முடியாதது இல்லை. பி.எல்.ஓ. வந்தபோது ஷிஃப்டில் இருந்தவர். 11 மாத ஒப்பந்தம் முடிந்து பக்கத்துத் தெருவுக்கு மாறியவர். கேட்டிலேயே செக்யூரிட்டி நிறுத்திவிட்டதால் படிவமே கைக்கு வராதவர். இதற்கு மேல் 2002, 2005 பட்டியலில் உங்கள் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே இருந்தது என்ற கேள்வி வேறு. அந்தப் பட்டியல் போட்ட காலத்தில் சோழிங்கநல்லூர் என்ற தொகுதியே கிடையாது. மடிப்பாக்கத்தில் முப்பது வருடமாகச் சொந்த வீட்டில் இருப்பவரும் பழைய தொகுதிப் பெயரில் போய்த் தேட வேண்டியிருந்தது.

பட்டியல் சுருங்கியதால் அடுத்து வரும் தேர்தல்களில் சென்னையின் சதவீதம் தானாக ஏறும். அதைப் பார்த்து "விழிப்புணர்வு வந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், சதவீதத்தை விட்டுவிட்டுப் பதிவான ஓட்டுகளின் எண்ணிக்கையைப் பழைய எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூடியிருந்தால்தான் கூட்டம் வந்தது என்று அர்த்தம்.

உங்கள் பெயரை என்ன செய்வது?

பெயரே இல்லாதவர்கள், 18 வயது நிரம்பியவர்கள்: படிவம் 6. ஒரு தொகுதியில் இருந்து இன்னொன்றுக்கோ, அதே தொகுதிக்குள்ளோ வீடு மாறியவர்கள்: படிவம் 8. 2022 ஆகஸ்ட்டுக்கு முன்பு இதற்குத் தனித்தனிப் படிவம் இருந்தது. இப்போது முகவரி மாற்றம், பிழைத் திருத்தம், அட்டை தொலைந்தது எல்லாவற்றுக்கும் ஒரே படிவம் 8-தான். இறந்தவர் பெயரை நீக்க படிவம் 7. வாடகை வீட்டில் இருப்பவருக்கும் பதிவு செய்ய முழு உரிமை உண்டு. சட்டம் பார்ப்பது 'சாதாரணமாகக் குடியிருக்கும் இடம்' எது என்பதைத்தான், சொந்த வீடா என்பதை இல்லை. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் இணையதளத்திலோ 1950 என்ற எண்ணிலோ பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். அட்டை கையில் இருப்பதால் பெயர் பட்டியலில் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஓட்டுப்பதிவு நாளில் பூத்தில் நடக்கும் சண்டைகளில் பாதி இதனால் வருவதுதான்.

உங்கள் பக்கத்து ஆட்கள் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையா? கருத்துக்கணிப்பு எதுவும் தேவையில்லை. படிவம் 20 என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பூத்திலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை ஓட்டு என்று அதில் இருக்கும். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தொகுதி வாரியாக வெளியிடப்பட்டிருக்கிறது. சோழிங்கநல்லூர் தொகுதியின் எண் 27. பூத் எண்ணை வாக்காளர் பட்டியலில் பார்த்துவிட்டு, உங்கள் தெருவின் கணக்கை நீங்களே எடுக்கலாம்.